பென்சில் அக்காவின் சந்தேகம்

அந்த ஆஸ்பத்திரியின் சதைப் பரிசோதனை லேபில் காலை ஒன்பது மணிக்கு மூன்று ஜன்னல்களும் திறந்து கிடக்கும். மழையென்றாலும் குளிரென்றாலும் அப்படித்தான். துடைக்க வரும் வாளியம்மா இதற்குத் தனக்குள்ளேயே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தாள். தன் மேல் வியர்வை நாற்றம் அடிக்கிறது, அது பொறுக்காமல்தான் பென்சில் அக்கா தான் வரும் நேரம் பார்த்து ஜன்னலைத் திறக்கிறாள் என்று. அந்த ரோஷத்தில் ஆறு மாதம் இரண்டு வேளை குளித்துவிட்டு வேலைக்கு வந்தாள்.

விஷயம் வேறு. நோயாளிகளிடமிருந்து வெட்டியெடுத்த சதைத் துண்டுகளைப் பார்மலின் என்ற மருந்துத் தண்ணீரில் ஊறப்போட்டிருப்பார்கள். அதைக் கொட்டி மாற்றும்போது கிளம்புகிற நெடியில் கண் எரியும், தொண்டை கமறும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் வாளியம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டே தரை துடைத்ததைப் பென்சில் அக்கா பார்த்திருக்கிறாள். அடுத்த வாரத்திலிருந்து ஒரு மணி நேரம் முன்னதாக வந்து அந்த வேலையை முடித்து, நெடி போவதற்காக ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறாள். பதினோரு வருஷம். ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. இங்கே சொல்லப்போகிறதெல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் வாளியம்மாவுக்கு இது தெரிய வந்தது. இதெல்லாம் தொடங்கும்போது அவள் மனசில் பென்சில் அக்கா என்றால் ஒரு முள்தான்.

வாளியம்மாவுக்கு வேறு பெயர் உண்டு. கையில் வாளி இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை, அதனால் அந்தப் பெயர் மறைந்து போயிற்று. பென்சில் அக்காவும் அப்படித்தான். ஐம்பதைத் தாண்டிய ஒல்லியான பெண். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கொண்டையில் எந்நேரமும் ஒரு பென்சில் செருகியிருக்கும். சதைத் துண்டை மெழுகுக்குள் வைத்துக் கட்டியாக்கி, மெஷினில் வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, சின்னக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிச் சாயம் ஏற்றுவது அவளுடைய வேலை. ஒவ்வொரு கட்டியிலும் கண்ணாடியிலும் நோயாளியின் எண்ணைப் பென்சிலால்தான் எழுதுவாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் பேனாவால் எழுதிவிட்டாள். சாயம் போடும்போது முக்குகிற ஸ்பிரிட்டில் மை கரைந்து, இரண்டு பேருடைய கண்ணாடிகள் எது யாருடையது என்று தெரியாமல் போயிற்று. இரண்டு பேரையும் மறுபடி கூப்பிட்டு மறுபடி வெட்ட வேண்டியதாயிற்று. அன்று கொண்டையில் ஏறிய பென்சில் பிறகு இறங்கவே இல்லை.

அன்றிலிருந்து சந்தேகமும் கூடவே ஒட்டிக்கொண்டது. குழாயை மூடிவிட்டு இரண்டு தரம் திரும்பிப் பார்ப்பாள். டீ வந்தால் கிண்டி, டம்ளரின் அடியைப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பாள். யாராவது "எல்லாம் சரியா இருக்குக்கா" என்று சொன்னால் போதும், "யாரு பாத்தா?" என்று கேட்பாள். லேபில் அதையே கேலியாக்கி வைத்திருந்தார்கள். "மழை பெய்யுதுக்கா." "யாரு பாத்தா?"

வாளியம்மாவின் வீட்டுக்காரர் தையல்காரர். வீட்டின் முன்னறையே கடை. தைக்கும்போது உதட்டில் ஏழெட்டுக் குண்டூசி இருக்கும், இடது கன்னத்துக்குள் ஒரு சிட்டிகை புகையிலை ஒதுங்கியிருக்கும். ஊசியை எடுத்தாலும் எடுப்பாரே தவிரப் புகையிலையை எடுக்க மாட்டார். அந்தக் கன்னத்துக்குள்தான் புண் வந்தது.

"குண்டூசி குத்திடுச்சு. அதுக்குப் போயி ஆஸ்பத்திரியா?" என்றார்.

"குண்டூசி குத்தினது ரெண்டு மாசமாவாங்க ஆறாம இருக்கும்?"

"பெரிய குண்டூசி."

கெஞ்சி, சண்டை போட்டு, ஒரு நாள் சாப்பிடாமல் கிடந்து, ஒருவழியாக அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். பல் டாக்டர் பார்த்துவிட்டு ஒரு துண்டு வெட்டி அனுப்பினார். எண் 4127. வாளியம்மா அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். வாளியில் கைவிட்டு அழியும்போதெல்லாம் திரும்ப எழுதினாள். வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் வந்தது. கண்ணாடியை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற பெரிய டாக்டரம்மா எழுதியிருந்தார்: இந்தத் துண்டில் புற்றுநோய் தெரியவில்லை, அழற்சி மட்டும் இருக்கிறது, புண் ஆறாவிட்டால் மறுபடி காட்டவும்.

அன்று சாயங்காலம் அவள் முழங்காலிட்டு அழுது ஆண்டவனுக்கு நன்றி சொன்னாள். அவர் கடையில் உட்கார்ந்து இரண்டு மடங்கு புகையிலையை ஒதுக்கிக்கொண்டு, "சொன்னேன்ல, குண்டூசி" என்றார்.

திங்கட்கிழமை காலையில் அந்தச் சந்தோஷத்துக்குக் கேடு வந்தது.

சனிக்கிழமை லேபைப் பளிச்சென்று துடைத்துவிட்டுத்தான் போயிருந்தாள். ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை துடைப்பத்தை நீட்டினால், சீவும் மெஷினின் அடியில் சுருள் சுருளாக மெழுகு கிடக்கிறது. பதினோரு வருஷமாக அந்தச் சுருளை அள்ளுகிறவள் அவள்தான். எத்தனை கட்டி சீவினார்கள், புதுக் கட்டியா பழைய கட்டியா என்று சுருளைப் பார்த்தே சொல்லிவிடுவாள். இது ஒரே கட்டி. நிறையச் சீவியிருக்கிறது. மேலே பார்த்தாள். கட்டி இறுகுவதற்காக வைக்கிற ஐஸ் தட்டில் ஒன்றே ஒன்று இருந்தது. அதில் பென்சில் எழுத்து: 4127.

நல்லது என்று எழுதிக் கொடுத்தாயிற்று. பிறகு எதற்கு மறுபடி அறுக்கிறார்கள்? அதுவும் விடுமுறையில், யாரும் இல்லாத நேரத்தில்?

வாளியோடு வராந்தாவுக்குப் போனபோது பெரிய டாக்டரம்மாவின் அறைக்கதவு சாத்தியிருந்தது. உள்ளே அவர் குரல் கேட்டது. "அவ கிட்ட இப்போதைக்கு எதுவும் சொல்லாதீங்க." கதவைத் திறந்துகொண்டு வந்தது பென்சில் அக்கா. வாளியம்மாவின் முகத்தைப் பார்க்காமல், "துடைச்சாச்சா?" என்று கேட்டுவிட்டு நடந்தாள்.

லிப்ட்காரரிடம் சொன்னாள். அவருக்கு ஆஸ்பத்திரியின் எல்லா மாடி விவகாரமும் அத்துப்படி.

"ஆராய்ச்சிக்குதான் தங்கச்சி," என்றார் குரலைத் தாழ்த்தி. "நம்ம சதையை வெச்சுப் பெரிய பெரிய ஆராய்ச்சியெல்லாம் பண்றாங்களாம். இல்லேன்னா வேற யாரோடதோ மாறிப்போயிருக்கும், இப்ப மூடி மறைக்கிறாங்க. அந்தப் பென்சில் ஏற்கெனவே ஒரு தடவை மாத்தினவதானே?"

அந்தக் கடைசி வார்த்தை நெஞ்சில் போய்த் தைத்தது. மத்தியானம் அக்கா சாப்பிடப் போன நேரம் பார்த்து, வாளியம்மா அந்தக் கட்டியை எடுத்துத் தன் சாப்பாட்டு டப்பாவுக்குள் போட்டுக்கொண்டாள். வாழ்க்கையில் அவள் செய்த முதல் திருட்டு அது. நம்ம வீட்டுச் சதை, நம்ம வீட்டுக்கு வருகிறது, இதில் என்ன பாவம் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வீட்டில் எங்கே வைப்பது? யார் கையும் படாத இடம் ஒன்றுதான். சாயங்காலம் ஜெபம் செய்யும் மூலையில், மெழுகுவத்தித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "ஆண்டவனே, இதை உன் பொறுப்புல விடறேன். யாரு நம்மளை ஏமாத்தறாங்கன்னு நீயே காட்டிக் குடு" என்று வேண்டி மெழுகுவத்தியை ஏற்றினாள். தையல்காரர் வலது பக்கமாகவே மென்று மென்று சாப்பிட்டார். கொஞ்சமாகத்தான் சாப்பிட்டார். அதை அவள் பார்த்தாள், பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள்.

மறுநாள் காலை லேபுக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றாள். பென்சில் அக்கா தரையில் மண்டியிட்டிருந்தாள். மூன்று குப்பைத்தொட்டிகளைக் கவிழ்த்துக் கொட்டி, கையுறையோடு ஒவ்வொன்றாகக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா தேடறீங்க?"

"ஒரு கட்டி காணோம். நேத்துக் குப்பையை எங்க கொட்டின?"

"பின்னாடி தொட்டியிலதான்."

"வா, அதையும் பாத்துடுவோம். உன் வீட்டுக்காரரோட கட்டிதான். நாலு ஒண்ணு ரெண்டு ஏழு."

இதற்கு மேல் வாளியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "அதான் ஒண்ணுமில்லைன்னு எழுதிக் குடுத்தாச்சே! அப்புறம் எதுக்குக்கா ஞாயித்துக்கிழமை வந்து, யாருக்கும் தெரியாம அதைச் சீவினீங்க?"

அக்கா நிமிர்ந்தாள். "யாரு பாத்தா?"

"நான் பாத்தேன். மெஷினுக்கு அடியில சுருள் கிடந்துச்சு. ஒரே கட்டியோட சுருள்."

அக்காவுக்குக் கோபம் வரவில்லை. "பரவாயில்ல. இந்த லேபுல எனக்கு அடுத்தபடியா ஒருத்திக்காவது கண்ணு இருக்கு. இங்க வா."

கையுறையைக் கழற்றி, மைக்ரோஸ்கோப்பின் முன்னால் அவளை உட்கார வைத்தாள். பதினோரு வருஷமாக அந்த மேசையைத் துடைத்தவள், அதற்குள் கண் வைத்தது அன்றுதான்.

"என்ன தெரியுது?"

"ரோஸ் கலர் துணியில நீலமாக் கடுகு கொட்டின மாதிரி... ஒரே அடைசலா இருக்குக்கா."

"ஒவ்வொரு கடுகும் உடம்போட காவல் செல். ஏதாவது தப்பு நடந்தா அங்க ஓடி வந்து கூடும். இப்ப நீ சொல்லு. உங்க தெருவுல ஒரு வீட்டு வாசல்ல இருநூறு பேர் நிக்கறாங்க. வீடு பூட்டியிருக்கு. என்னன்னு கேட்டா, ஒண்ணுமில்ல, சும்மாதான் நிக்கறோம்னு சொல்றாங்க. நம்புவியா?"

"எப்படி நம்பறது?"

"நானும் நம்பல. டாக்டரம்மா எழுதினது தப்பில்ல. அவங்களுக்குப் போன சீவல்ல கூட்டம் மட்டும்தான் இருந்துச்சு. சாதாரணப் புண்ணுக்கும் கூட்டம் கூடும். ஆனா இந்த அளவு கூடினா எனக்குத் தூக்கம் வராது. அதான் லீவு நாள்ல வந்து இன்னும் ஆழமாச் சீவினேன். பாதி தூரம் போயிட்டேன், இன்னும் கூட்டம்தான் இருக்கு, வீட்டைக் காணோம். மீதி அந்தக் கட்டிக்குள்ள இருக்கு." கொட்டிக் கிடந்த குப்பையைத் திரும்பிப் பார்த்தாள். "கட்டியைத்தான் தொலைச்சிட்டேன். நிச்சயம் தெரியாம உன்னைப் பயமுறுத்த வேண்டாம்னு டாக்டரம்மா சொன்னாங்க. இப்ப எதைச் சீவி நிச்சயம் பண்றது?"

வாளியம்மா வாளியை அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள். பஸ்ஸுக்குக் காத்திருக்கவும் பொறுக்காமல் பாதி தூரம் நடந்தே போனாள். ஜெப மூலையில் கட்டி இருந்தது. மெழுகுவத்தியின் சூட்டில் ஒரு மூலை உருகி வழிந்து, கரி படிந்திருந்தது. சதையின் விளிம்பு வெளியே தெரிந்தது. பென்சில் எண் மட்டும் எழுதியது எழுதினபடி இருந்தது.

"இது என்ன?" என்று தையல்காரர் ஊசிகளுக்கு நடுவிலிருந்து கேட்டார். அவள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டு ஓடினாள்.

பென்சில் அக்கா கட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எங்கடி இருந்துச்சு?"

"சாமிகிட்ட குடுத்து வெச்சிருந்தேன்க்கா."

"சாமி பத்திரமாத்தான் வெச்சிருக்கார். மெழுகுவத்திதான் கொஞ்சம் அவசரப்பட்டுடுச்சு."

திட்டுவாள் என்று காத்திருந்தவளுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. தரையில் உட்கார்ந்து அழுதாள். அக்கா அதைக் கவனிக்க நிற்கவில்லை. முதல் வேலையாகப் பதிவு நோட்டை எடுத்து, இந்தக் கட்டி ஒரு நாள் லேபைவிட்டு வெளியே போய் வந்தது, ஒரு மூலை உருகியிருக்கிறது என்று உள்ளதை உள்ளபடி எழுதினாள். பெரிய டாக்டரம்மா கொதித்துப் போனார். வாளியம்மாவை வேறு மாடிக்கு மாற்றச் சொன்னார். "வேண்டாம் டாக்டர், கண்ணு உள்ளவ, இங்கயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அக்கா கட்டியை உருக்கினாள், புது மெழுகில் நிறுத்தினாள், ஐஸில் இறுக வைத்தாள், சீவ ஆரம்பித்தாள். வெதுவெதுப்பான தண்ணீரில் மெழுகு ரிப்பன் மிதக்க, எண்ணைப் பென்சிலால் எழுதின கண்ணாடியில் அதை ஏந்திக் காய வைத்து, சாயத்தில் முக்கி எடுத்தாள்.

அடிப்பக்கத்துச் சீவல் ஒன்றில் வீடு அகப்பட்டது. நீலக் கூட்டத்தின் நடுவில், ரோஸ் நிறத்தில் சுருண்டு சுருண்டு ஒரு சின்னக் கூடு. புற்றுநோய்.

காவல் செல்களில் எது என்ன ரகம் என்று தெரிவதற்காக இன்னொரு சாயமும் ஏற்றினார்கள். தேடுகிற ரகம் மட்டும் பழுப்பாகத் தெரிகிற சாயம் அது. பெரிய டாக்டரம்மா வாளியம்மாவைக் கூப்பிட்டு விளக்கினார். கூட்டத்தில் நோயைக் கொல்லத் தெரிந்தவை நிறைய இருக்கின்றன, அது நல்ல அறிகுறி. அதில் சில, கூட்டின் வெளிவரப்பிலேயே நின்றுவிட்டன, உள்ளே போகவில்லை. சில களைத்து ஓய்ந்துவிட்டன. காவலுக்கு வந்த வேறு ரகம் ஒன்று, நோயின் பக்கம் சாய்ந்து அது வளர்வதற்கே உதவி செய்துகொண்டிருக்கிறது.

"கூடவே நின்னுக்கிட்டா டாக்டர்?"

"கூடவே நின்னுக்கிட்டுதான். அதனால கூட்டத்தை நம்பி உட்கார முடியாது. சின்னதா இருக்கும்போதே கன்னத்துல அந்த இடத்தை வெட்டி எடுத்துடணும்."

வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். தையல்காரர் உதட்டிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் குத்தினார்.

"வெள்ளிக்கிழமை இல்லைன்னாங்க. இன்னிக்கு இருக்குன்றாங்க. நடுவுல அது நம்ம வீட்டுக்கு வந்து மெழுகுவத்தியில உருகிட்டுப் போச்சு. உருகினது என்னோடதுதான்னு என்ன நிச்சயம்? நீ ஓடின ஓட்டத்துல வேற எதையாவது எடுத்துட்டுப் போயிருந்தா? அவங்க அங்க மாத்தியிருந்தா? என் வாயை அறுக்க வர்றாங்களாம்! போடி."

சந்தேகத்தை வீட்டுக்குக் கொண்டு வந்ததே அவள்தான். அது இப்போது அவரிடம் குடியேறிவிட்டது. ஒரு வாரம் கெஞ்சினாள். பட்டினி கிடந்தாள். இந்தத் தடவை பட்டினிக்கும் அவர் மசியவில்லை. புண் ஒரு ஓரத்தில் தடித்துக்கொண்டு வந்தது. தன் கையாலேயே தன் தாலியை அறுத்துவிட்டோமோ என்று அவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

எட்டாம் நாள் மத்தியானம் பென்சில் அக்கா கடை வாசலில் வந்து நின்றாள்.

"நீங்கதான் அந்தப் பென்சிலா?" என்றார் தையல்காரர்.

"நீங்கதான் அந்தக் குண்டூசியா?"

அவர் உட்காரச் சொல்லவில்லை. அவளாகவே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்னை நம்புங்கன்னு சொல்ல வரல. உங்க இடத்துல நான் இருந்தா நானும் நம்ப மாட்டேன். முதல்ல ஒண்ணு, அப்புறம் வேற ஒண்ணு, நடுவுல மெழுகுவத்தி. யாரு நம்புவா?"

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. மெஷினை மிதிப்பதை நிறுத்தினார்.

"புதுசா ஒரு துண்டு குடுங்க. கொஞ்சம் ஆழமா வெட்டச் சொல்றேன். நம்பரை நான் எழுத மாட்டேன்." கொண்டையிலிருந்து பென்சிலை உருவி அவர் முன்னால் வைத்தாள். "நீங்களே எழுதுங்க. யாருக்கும் தெரியாத உங்க அடையாளம் ஒண்ணையும் பக்கத்துல போடுங்க. லேபுல எனக்கு எதிர்ல உட்கார்ந்து, மெழுகு ஊத்தறதுலேர்ந்து பாருங்க. மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூட நான் எழுந்து போக மாட்டேன்."

"என் கையெழுத்துக் கோணலா இருக்கும்."

"கோணலா இருந்தா நல்லது. என்னால மாத்தி எழுத முடியாது."

வாளியம்மா கதவுக்குப் பின்னால் நின்று ஆண்டவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். தையல்காரர் பென்சிலை எடுத்து, கூர் இருக்கிறதா என்று கட்டைவிரலில் பார்த்தார். துணி வெட்டுமுன் சுண்ணக்கட்டியைப் பார்ப்பாரே, அதே பார்வை.

சொன்னபடியே செய்தார். கட்டியிலும் கண்ணாடியிலும் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கத்தரிக்கோல் வரைந்தார். இரண்டு நாள் லேபில் போய் அமர்ந்து, மெழுகு இறுகுவதையும் சுருள் விழுவதையும் இமை தட்டாமல் பார்த்தார். இரண்டாம் நாள், "பிளேடு சாணை பத்தல போலிருக்கே, ஓரம் பிசிறுது" என்று குறை கூடச் சொன்னார். அக்கா பார்த்தாள், ஆமாம், பிசிறியது. பிளேடை மாற்றினாள். சாயம் ஏறின கண்ணாடியின் ஓரத்தில் அந்தக் கோணல் கத்தரிக்கோல் அப்படியே இருந்தது. டாக்டரம்மா மைக்ரோஸ்கோப்பை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். நீலக் கூட்டம், நடுவில் ரோஸ் கூடு. இந்தத் தடவை மூன்று கூடுகள்.

வெகு நேரம் கழித்துத் தலையைத் தூக்கினார். "என்னிக்கு வெட்டறீங்க?" என்றார்.

இடது கன்னத்தின் உள்பக்கம் ஒரு பெரிய பகுதியை எடுத்து, தொடைச் சதையை வைத்துத் தைத்தார்கள். தையல் நன்றாக இருக்கிறதா என்று கண்ணாடி கேட்டுப் பார்த்தார். பேச்சு கொஞ்சம் குழறும், வாய் பாதிதான் திறக்கும். புகையிலை ஒழிந்தது. உதட்டில் ஊசி வைக்க முடியாததால் அவற்றைக் குத்திவைக்க மணிக்கட்டில் பஞ்சு வைத்துக் கட்டிக்கொண்டார். இப்போது மூன்று வருஷம். மாதம் தவறாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிவிட்டு வருகிறார்.

ஜன்னல் விஷயத்தை, தினமும் எட்டு மணிக்கே அக்காவை மேலே ஏற்றிவிட்டு அவள் பார்மலின் மாற்றுவதையும் பார்த்திருந்த லிப்ட்காரர்தான் ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னார், ஏதோ எல்லாருக்கும் தெரிந்தது போல. அன்று முழுக்க வாளியம்மா அக்காவின் முகத்தைப் பார்க்க முடியாமல், துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

போன மாதம் பென்சில் அக்காவுக்கு வேலை ஓய்வு. வெகு தூரத்தில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போகிறாள், திரும்பி வருவதாக இல்லை. ஒரே ஒரு பெட்டி. பஸ் நிலையம் வரைக்கும் அதை வாளியம்மாதான் தூக்கி வந்தாள். பெட்டியின் பூட்டை அக்கா மூன்று தரம் இழுத்துப் பார்த்தாள். பஸ் உறுமியது. ஏதாவது சொல்ல வேண்டுமென்று வாளியம்மா வாயெடுத்தாள்.

"அவரு இப்ப ரொம்ப நல்லா இருக்கார்க்கா. ஒரு குறையும் இல்ல."

"யாரு பாத்தா?"

"அவரே சொன்னாரு."

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, கொண்டையிலிருந்த பென்சிலை உருவி அவள் கையில் திணித்தாள் அக்கா.

"அவர் சொன்னா நம்பிடாத. ஞாயித்துக்கிழமை தவறாம, வெளிச்சத்துல உட்கார வெச்சு, வாயைத் திறக்கச் சொல்லி நீயே பாரு. பாத்துட்டு, தேதி போட்டு எழுதி வை. பேனாவுல எழுதாத."